கார்ப்பென்டரின் விடுபட்ட படத்துக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் திரைப்படச் சங்கங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும், திரையிடலுக்கான படங்களைத் தேர்ந்தெடுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்க இயக்குநர் ஜான் கார்ப்பென்டரின் படங்களை உங்கள் சங்கம் எப்போது வரிசையாகத் திரையிட்டாலும், அவற்றுள் ‘சம்ஒன்ஸ் வாட்ச்சிங் மீ’ என்ற தொலைக்காட்சிப் படத்துக்கு ஒரு மாலையை முழுமையாக ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். அவருடைய தொடக்க காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1974-இல் வந்த ‘டார்க் ஸ்டார்’, 1976-இல் வந்த ‘அசால்ட் ஆன் பிரீசிங்ட் 13’ ஆகிய இரண்டையும் சொல்லிவிட்டு, நேராக 1978-இன் ‘ஹாலோவீன்’ என்ற திகில் படத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நான் சொல்லும் படம் அந்த இடைவெளியில் விடுபட்டுப் போகிறது. முப்பது வயதை அப்போதுதான் எட்டியிருந்த ஓர் இயக்குநர் ‘ஹாலோவீன்’ படத்தை அத்தனை நிதானத்துடன் எப்படி எடுத்தார் என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இதில் இருக்கிறது. அந்தக் கேள்வியே எழாவிட்டாலும், இது தன்னளவிலேயே பார்க்கப்பட வேண்டிய படம்.

கார்ப்பென்டர் இந்தக் கதையை முதலில் ‘ஹை ரைஸ்’ என்ற தலைப்பில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்காகத் திரைக்கதையாக எழுதினார். திரையரங்குக்கு என்று எழுதப்பட்டது பின்னர் தொலைக்காட்சிப் படமாக மாறியது. அப்படி மாறியபோது அதை இயக்கும் வாய்ப்பு அவருக்கே கிடைத்தது. அதற்கு முந்தைய இரண்டு படங்களையும் அவர் பெரிய நிறுவனங்களின் அமைப்புக்கு வெளியே, நண்பர்களின் துணையோடு, மிகக் குறைந்த பணத்தில் எடுத்திருந்தார். பெரிய நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பக் குழுவோடு, அந்த நிறுவனம் வகுத்த நாட்களுக்குள், அது விதித்த வரம்புகளுக்குள் ஒரு முழுப் படத்தை இயக்குவது அவருக்கு இதுவே முதன்முறை. இதை முடித்துவிட்டு, சிறிது காலத்திலேயே, சுமார் 3 லட்சம் டாலர் செலவில் ‘ஹாலோவீன்’ படப்பிடிப்பைத் தொடங்கினார். ஆனால் மக்களிடம் போய்ச் சேர்ந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பின்னால் எடுக்கப்பட்ட ‘ஹாலோவீன்’ 1978 அக்டோபர் 25 அன்று திரையரங்குக்கு வந்துவிட்டது; முன்னால் எடுக்கப்பட்ட இது நவம்பர் 29 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஒரு பெரிய வெற்றிக்கு அடுத்த மாதம் சின்னத்திரையில் வந்ததால், முன்னோடியாக இருந்த படம் பின்னொட்டாகக் கருதப்பட்டுவிட்டது.

இது கவனிக்கப்படாமல் போனதற்குத் தரம் காரணமில்லை, அது சென்ற வழிதான் காரணம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சிப் படங்களில் பெரும்பாலானவை ஒருமுறை ஒளிபரப்பாகி, எப்போதாவது மறுஒளிபரப்புக்கு வந்து, பிறகு மறக்கப்பட்டன. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1971-இல் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்காக எடுத்த ‘டூயல்’ அப்படி மறையாமல் தப்பியதற்கு ஒரு காரணம், கூடுதல் காட்சிகள் எடுக்கப்பட்டு, 90 நிமிடப் படமாக நீட்டப்பட்டு, வெளிநாட்டுத் திரையரங்குகளில் அது ஓடியதுதான். அங்கே விமர்சகர்கள் அதைப் பார்த்தார்கள், எழுதினார்கள். அந்த எழுத்து இயக்குநரின் பெயரோடு படத்தையும் நிலைநிறுத்தியது. கார்ப்பென்டரின் படத்துக்கு அத்தகைய இரண்டாம் வாழ்வு அமையவில்லை. அமெரிக்காவில் அது டிவிடியாக வந்ததே 2007-இல்தான். புளூ-ரே வட்டு 2018-இல் வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அவருடைய மற்ற படங்களைப் பற்றிய கட்டுரைகளும் நூல்களும் வந்துகொண்டே இருந்த காலம் முழுவதும், இந்தப் படத்தை விரும்பியபோது எடுத்துப் பார்ப்பது அங்கேயே எளிதாக இருக்கவில்லை. இப்போது அந்தத் தடை நீங்கிவிட்ட பிறகும் பட்டியல்கள் மட்டும் பழைய பட்டியல்களாகவே தொடர்கின்றன. அந்தப் பட்டியல்களைப் பார்த்தே நாமும் நிரல் வகுக்கிறோம் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கதை எளிமையானது. லீ மைக்கேல்ஸ் என்ற பெண் நியூயார்க்கை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருகிறாள். ஆர்க்கம் என்ற பெயர் கொண்ட உயரமான அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறாள். தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் நேரலை நிகழ்ச்சிகளை இயக்கும் வேலையில் சேர்கிறாள். எதிர்க் கட்டடத்திலிருந்து ஒருவன் தொலைநோக்கி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. ஒரு பயண நிறுவனத்தின் பெயரில் கடிதங்களும் பரிசுகளும் வருகின்றன. அவள் அஞ்சுகிறாள், சினம் கொள்கிறாள், காவல் துறையிடம் போகிறாள், பயனில்லை என்று தெரிந்ததும் தானே தேடத் தொடங்குகிறாள். லீயாக லாரன் ஹட்டனும், அவளுடன் வேலை பார்க்கும் தோழி சோஃபியாக ஏட்ரியன் பார்போவும், அவளோடு பழகும் பேராசிரியராக டேவிட் பர்னியும் நடித்திருக்கிறார்கள். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ இதற்குப் பின்னால் நிற்பது யாருக்கும் புலப்படும். கார்ப்பென்டர் அதை மறைக்கவுமில்லை. பெயர்கள் ஓடும் தொடக்கத்தின் கோடுகளும், ஹாரி சுக்மனின் இசையும் ஹிட்ச்காக் படங்களை நினைவுபடுத்தும்படியே அமைந்திருக்கின்றன. ஆனால் ‘ரியர் விண்டோ’வில் நாம் பார்க்கிறவனின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இங்கே கதையின் மையம் பார்க்கப்படுகிறவளிடம் இடம் மாறியிருக்கிறது. ஹிட்ச்காக்கின் நாயகன் தன் சன்னலிலிருந்து பார்ப்பதை நாம் ஓரளவு ரசித்தோம். அதே செயலை எதிர்ப்பக்கத்திலிருந்து அனுபவித்தால் எப்படியிருக்கும் என்று இந்தப் படம் 97 நிமிடங்கள் காட்டுகிறது.

தொலைக்காட்சிக்கான வரம்புகள் இந்தப் படத்தைக் குறைத்துவிட்டன என்று சிலர் நினைக்கக்கூடும். நான் அவற்றை இதன் வலிமையாகவே பார்க்கிறேன். வீட்டுக்குள் ஒளிபரப்பாகும் படத்தில் இரத்தத்தைக் காட்ட முடியாது. விளம்பர இடைவேளைக்காகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கதை நின்றாக வேண்டும்; நிற்கும் இடத்தில் பார்வையாளர் எழுந்து போகாதபடி ஒரு முடிச்சு விழுந்திருக்க வேண்டும். எனவே கார்ப்பென்டர் அச்சத்தைப் பொருட்களில் ஏற்றினார். ஒலிக்கும் தொலைபேசி, திரைச்சீலை இல்லாத பெரிய கண்ணாடிச் சன்னல், கதவுக்கு அடியில் வந்து விழும் ஓர் உறை ஆகியவை போதுமானவையாக இருந்தன. ராபர்ட் ஹவுசரின் கேமரா லீயின் வீட்டுக்குள் அவளைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போதெல்லாம், இது கதை சொல்லும் கேமராவா, அந்த மனிதனின் கண்ணா என்ற ஐயம் நமக்குள் எழுந்துகொண்டே இருக்கிறது. அந்த ஐயத்தைத் தீர்க்காமல் நீட்டுவதுதான் படத்தின் முறை. ‘ஹாலோவீன்’ தொடக்கத்தில் கொலை செய்யப் போகிறவனின் கண்கள் வழியாக நாம் ஒரு வீட்டுக்குள் நுழையும் நீண்ட காட்சியைப் புகழாதவர்கள் இல்லை; ஒரு கொலைகாரனின் பார்வையைப் பார்வையாளரின் பார்வையாக மாற்றும் அந்தப் பாடத்தை, அதற்குச் சற்று முன்பு, இரத்தமில்லாமல், மிக அமைதியாக அவர் இங்கே எழுதிப் பார்த்திருக்கிறார்.

இரண்டு காட்சிகளை மட்டும் சொல்கிறேன். ஒன்றில் லீ கட்டடத்தின் அடித்தளத்துக்குத் தனியாக இறங்குகிறாள். அவன் வருவதை உணர்ந்து, தரையிலுள்ள இரும்புக் கம்பிவலையைத் தூக்கி அதன் அடியில் ஒடுங்கிக்கொள்கிறாள். அவன் வந்து அவளுக்கு நேர் மேலே நிற்கிறான். கேமராவும் அவளோடு கீழேயே இருந்துவிடுகிறது. படம் முழுவதும் மாடியின் உயரமும் கண்ணாடியின் வெட்டவெளியும் அச்சுறுத்தியிருக்க, இங்கே அதற்கு நேர்மாறாக, ஓர் ஆள் மட்டுமே கொள்ளும் இருண்ட குழி அச்சத்தின் இடமாகிறது. இந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டது ஒரு நடிகை, ஒரு குழி, ஒரு சோடி காலணிகள் ஆகியவை மட்டுமே. குறைந்த செலவில் படம் எடுக்க விரும்பும் நம் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் ஒன்றைக் காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றொன்றைச் சொல்லாமல் இந்தப் படத்துக்காக வாதாட முடியாது. ஆனால் பார்வையாளருக்கு நீங்கள் அச்சிட்டுத் தரும் குறிப்பில் இதை வெளிப்படுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். லீ துணிந்து எதிர்க் கட்டடத்துக்குப் போகிறாள்; சோஃபி லீயின் வீட்டிலேயே இருக்கிறாள்; இருவர் கையிலும் வாக்கி-டாக்கி இருக்கிறது. அந்த மனிதனின் வீடென்று ஐயப்படும் இடத்தில் நின்று, அங்குள்ள தொலைநோக்கியில் லீ கண் வைத்துத் தன் வீட்டையே பார்க்கிறாள். அதுவரை நாம் பார்த்த வட்டச் சட்டகம் இப்போது அவளுடையதாகிறது. அந்த வட்டத்துக்குள் சோஃபி நடமாடுகிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவன் தோன்றுகிறான். லீ கத்துகிறாள், ஆனால் இரண்டு கட்டடங்களுக்கு இடையிலுள்ள தொலைவை அவளால் கடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் பார்க்க முடிகிறது, எதையும் செய்ய முடியவில்லை. திரையரங்கில் அமர்ந்திருக்கும் நம் நிலையும் அதுவேதான். பார்ப்பவனுக்கு இருந்த அதிகாரம், பார்க்கும் இடத்தில் அவள் வந்து நின்றவுடன் முழு இயலாமையாக மாறிவிடுகிறது. கார்ப்பென்டர் பின்னாளில் எடுத்த பெரிய படங்களிலும்கூட, ஒரு தொழில்நுட்ப உத்தியும் ஒரு மனித உணர்வும் இவ்வளவு இறுக்கமாக ஒன்றிய காட்சிகள் சிலவே உண்டு என்று கருதுகிறேன். பிறகு காவலர்கள் வந்து பார்க்கும்போது அங்கே உடலும் இல்லை, தடயமும் இல்லை. கண்ணால் கண்டதையே ஒரு பெண் மெய்ப்பிக்க முடியாத நிலை அவளுக்கு வருகிறது.

லீ என்ற பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனக்குத்தானே பேசிக்கொள்வாள், வேடிக்கையாகப் பேசுவாள், வேலையில் திறமையானவள், யாருடன் பழக வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்கிறவள். அஞ்சும்போதும் அவளுடைய நகைச்சுவை குன்றுவதில்லை. அது அவளுடைய தற்காப்பு என்பதை லாரன் ஹட்டன் மிக நுட்பமாக நடித்துக் காட்டுகிறார். வீட்டை மாற்றிவிடு என்று சொல்லப்படும்போது அவள் மறுக்கிறாள், ஏனென்றால் துரத்தப்பட வேண்டியவள் தான் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய ஹாலிவுட் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் படங்களில் வரும் தன்னம்பிக்கை மிக்க பெண்களை கார்ப்பென்டர் எவ்வளவு விரும்பினார் என்பது உங்களுக்குத் தெரியும். ஹாக்ஸுக்காக ‘ரியோ பிராவோ’வின் திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவரான லீ பிராக்கெட்டின் பெயர், ‘அசால்ட்’ படத்தின் நாயகியிலும், ‘ஹாலோவீன்’ ஊரின் காவல் தலைவரிலும், இந்தப் பெண்ணிடமும் ஒலிப்பதைக் கவனியுங்கள். சோஃபி பெண்களை விரும்பும் பெண் என்பது ஓர் உரையாடலில் இயல்பாகச் சொல்லப்படுகிறது. லீ அதை இயல்பாகவே ஏற்கிறாள். அதன்பின் அது ஒரு சிக்கலாகவோ கேலியாகவோ ஆக்கப்படவில்லை. 1978-இல் குடும்பங்கள் கூடிப் பார்க்கும் தொலைக்காட்சியில் இதை எழுதிய இளம் இயக்குநரின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஏட்ரியன் பார்போவை கார்ப்பென்டர் சந்தித்தது இந்தப் படத்தில்தான். அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள், ‘தி ஃபாக்’ படத்தில் வானொலி நிலையத்தில் தனித்திருக்கும் பெண்ணாக அவர் நடித்தார். காவல் அதிகாரியாக வரும் சார்லஸ் சைஃபர்ஸ் ‘அசால்ட்’ படத்திலும் ‘ஹாலோவீன்’ படத்திலும் இருப்பவர். ஆக, நடிகர்களின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது அவருடைய உலகத்தின் நடுவிலேயே நிற்கும் படம்.

படத்தின் நெஞ்சில் இருக்கும் கேள்வி சட்டத்தைப் பற்றியது. மிரட்டல் எதுவும் விடுக்கப்படவில்லை, தாக்குதல் நடக்கவில்லை, எனவே செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற பொருளில்தான் காவல் அதிகாரி லீயிடம் பேசுகிறார். அவர் கெட்டவராகக் காட்டப்படவில்லை. கையில் சட்டம் இல்லாதவராகக் காட்டப்படுகிறார். இது கதைக்காகப் புனையப்பட்ட வசதி என்று இன்றைய பார்வையாளர் நினைக்கலாம். ஆனால் பின்தொடர்ந்து துன்புறுத்துவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்காவிலேயே முதலாவதாகக் கலிஃபோர்னியா இயற்றியது 1990-இல்தான். படம் ஒளிபரப்பாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கதை நடக்கும் அதே மாநிலத்தில், பல பெண்களின் துன்பத்துக்கும் சாவுக்கும் பின்னர் அந்தச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. சட்ட நூலில் பெயரில்லாத ஒரு குற்றத்தை, அது எப்படித் தொடங்குகிறது, எப்படி வளர்கிறது, சுற்றியிருப்பவர்கள் அதை எப்படிச் சிறிதாக்கிப் பேசுகிறார்கள் என்று படிப்படியாக எழுதியிருக்கிறது இந்த எளிய தொலைக்காட்சிப் படம்.

நம் நாட்டில் 2012 தில்லிக் கொடுமைக்குப் பிறகு, 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு சேர்க்கப்பட்டபோதுதான் பின்தொடர்தல் தனிக் குற்றமாயிற்று. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் இருக்கிறது. நாயகியைத் தெருத்தெருவாகத் தொடர்ந்து சென்று, அவள் மறுக்க மறுக்க விடாமல் நின்று, இறுதியில் அவள் மனத்தை வெல்லும் நாயகர்களை நம் திரை எத்தனை முறை கொண்டாடியிருக்கிறது என்பதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. கார்ப்பென்டர் நம்மை மனத்தில் வைத்து இதை எடுக்கவில்லை. ஆனாலும் அதே செயல்களை, அதாவது விடாத அழைப்பை, கேட்காமல் வரும் பரிசை, தொலைவில் நின்று பார்ப்பதை, பெறுகிறவளின் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது நம் அரங்கில் எழக்கூடிய உரையாடல் மிகவும் தேவையான உரையாடலாக இருக்கும். அந்த மாலையில் ஒரு வழக்கறிஞரையோ, இத்தகைய வழக்குகளில் பெண்களுக்குத் துணை நிற்கும் ஒருவரையோ அழைத்துப் பேசச் செய்தால் நன்று.

குறைகள் இல்லாத படம் என்று நான் சொல்ல மாட்டேன். பேராசிரியருடனான காதல் பகுதி மெலிந்தது. அந்தக் காட்சிகள் வரும்போதெல்லாம் இறுக்கம் தளர்கிறது. பகற்காட்சிகளின் ஒளியமைப்பில் அக்காலத் தொலைக்காட்சிப் படங்களுக்கே உரிய தட்டையான தன்மை தெரிகிறது. இறுதி மோதல் விரைந்து முடிந்துவிடுகிறது. மிகுந்த நேர்மையுடன் எழுதப்பட்ட சோஃபியே பலியாக வேண்டியிருப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த மனிதன் யார், ஏன் இப்படிச் செய்கிறான் என்பதைப் படம் விளக்காததைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். அதை மட்டும் நான் ஏற்கவில்லை. அவன் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதே லீயின் அச்சம். அவனுக்கு ஒரு கடந்தகாலத்தையும் காரணத்தையும் கொடுத்திருந்தால், படத்தின் பாதிக் கவனம் அவளை விட்டு அவனிடம் போயிருக்கும்.

இனி நடைமுறை குறித்துச் சில வேண்டுகோள்கள். ‘ஹாலோவீன்’ படத்துக்குப் பிறகு இதைத் துணைப்படமாகப் போடாதீர்கள். எடுக்கப்பட்ட வரிசையில், அதற்கு முந்தைய வாரம் போடுங்கள். அப்போதுதான் ‘ஹாலோவீன்’ தொடக்கக் காட்சியைப் பார்க்கும்போது பார்வையாளர்கள் அதன் வேரை அடையாளம் காண்பார்கள். வட்டில் தொலைக்காட்சிக்குரிய சதுர வடிவமும் அகலத்திரை வடிவமும் இரண்டுமே உள்ளன. சதுர வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் உயரமான கட்டடங்களும் நெட்டுக்குத்தான சன்னல்களும் நிறைந்த இந்தப் படத்துக்கு மேலும் கீழும் இடம் தேவைப்படுகிறது. இதன் உரையாடல்களில் லீயின் வேடிக்கைப் பேச்சு மிகுதி; தமிழில் துணைவரிகள் எழுத உங்கள் உறுப்பினர்களில் ஓரிருவர் முன்வந்தால், ஆங்கிலத்தில் தயக்கமுள்ள மாணவர்களும் அவளை நன்கு அறிந்துகொள்வார்கள். அந்த வேலையில் பங்கெடுக்க நானும் விரும்புகிறேன். உரிமை பெற்றே திரையிட வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பழைய தொலைக்காட்சிப் படம் என்பதால் அதைத் தளர்த்திவிட வேண்டாம், ஏனெனில் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் உரிமையாளர்கள் இத்தகைய படங்களைப் புழக்கத்தில் வைத்திருப்பார்கள்.

அடுத்த அரையாண்டுக்கான நிரலை நீங்கள் வகுக்கும் கூட்டத்தில் இந்த வேண்டுகோளையும் எடுத்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். குழுவில் யாரேனும் இன்னும் படத்தைப் பார்த்திராவிட்டால், வாக்கெடுப்புக்கு முன் அவர்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் திரையிடல்களுக்கு வரும் பார்வையாளர்களுள் ஒருவர்